ஒரு கல் உப்பு

“யார் கூப்பிட்டாலும் திரும்பாதீர்கள். ‘குரல்’ என்று மனதுக்குள் பெயரிடுங்கள். மூச்சுக்குத் திரும்புங்கள்.”

தூத்துக்குடி அகவெளி நிலையத்தில் பிலோமினா கற்பிக்கும் முதல் பாடம் இதுதான். முன்பெல்லாம், மனதின் உள்வெளியான அகவெளியைத் திறக்கும் விரிமருந்தின் மயக்கம் சிறிது நேரத்தில் கலைந்துவிடும். சொட்டுக்கருவி வந்தபின் ஒருவரை நாள்கணக்கில் உள்ளே நிறுத்திவைக்க முடிந்தது. குடியை விட முடியாதவர்களும் துக்கத்தில் உறைந்தவர்களும் அகவெளிக்குப் போய்த் தெளிந்து வந்தார்கள். ஆனால் அங்கே தோன்றும் உருவங்களின் பின்னால் போன சிலர் திரும்பும் வழியைத் தொலைத்தார்கள். முதலில் தொலைந்தவள் பிலோமினாவின் தங்கை அமலி. மருந்தை நிறுத்தி ஆண்டுகள் ஆகியும் கண் திறக்காமல், நிலையத்தின் கடற்பக்க அறையில் கிடக்கிறாள். இன்னொரு வீட்டுக்கு இந்த நிலை வரக்கூடாது என்றுதான் அக்கா இந்தப் பயிற்சியை வகுத்தாள். அதன்பின் யாரும் தொலையவில்லை.

அன்று அகவெளியில் நெடும்பயணம் முடிந்து எழுந்த கதிரேசன், கஞ்சியை உறிஞ்சியபடி சிரித்தான்.

“டீச்சர், உள்ள ஒரு பொம்பளை தண்ணி கேட்டுக்கிட்டே இருந்துச்சு. நீங்க சொன்ன மாதிரியே ‘குரல்’னு வச்சேன். அது போயிடுச்சு.”

“நல்லது தம்பி.”

“வேடிக்கை என்னன்னா, வெறுந்தண்ணி வேண்டாமாம். ஒரு கல்லு உப்பு போட்டுத் தரணுமாம்!”

பிலோமினா கடற்பக்க அறையைத் திரும்பிப் பார்த்தாள். உப்பளத்தில் வளர்ந்த அமலி சிறு வயதிலிருந்தே அப்படித்தான் குடிப்பாள். வீட்டுக்கு வெளியே யாருக்கும் அது தெரியாது.

முன்பு போய் வந்தவர்களை விசாரித்தாள். “ஆமா, எங்களுக்கும் கேட்டுச்சு,” என்றார்கள், பாடம் ஒப்பிக்கும் பிள்ளைகளின் பெருமையோடு. “திரும்பவே இல்ல டீச்சர்.”

மறுநாளே சிலுவை அடையாளமிட்டுக்கொண்டு அவளே உள்ளே போனாள். வெளுத்த வெளியில் எங்கிருந்தோ, “யக்கா, தண்ணி,” என்று கேட்டது. குரல், என்று குறித்தது மனம். நெஞ்சு பதறியது. பதற்றம், என்று குறித்தது. அழுகை முட்டியது. அழுகை. எல்லாம் வந்தன, எல்லாம் கடந்து போயின.

தங்கை கூப்பிட்டும் திரும்பாமலே கண் விழித்தபோது, அவள் கன்னம் காய்ந்திருந்தது. அதுதான் அவளை அச்சுறுத்தியது.

அப்போது பேச்சியம்மாள் நினைவுக்கு வந்தாள். மகனை இழந்த துக்கம் ஆற வந்து, பயிற்சியில் தேறாமல் போனவள். கண்மூடி உட்காரச் சொன்னால், பக்கத்தில் யாராவது இருமியதும், “தண்ணி வேணுமா?” என்று எழுந்துவிடுவாள். பிலோமினாதான் அவளைத் திருப்பி அனுப்பியிருந்தாள்.

“நான்தான் பெயிலாச்சே, டீச்சரம்மா?” அழைத்ததும் வந்து நின்ற பேச்சியம்மாள் கேட்டாள்.

“அதனாலதான் கூப்பிட்டேன்க்கா.” நடந்ததையெல்லாம் சொன்னாள். “நீங்க திரும்பி வராமலே போகலாம். மனசு வரலன்னா சொல்லிருங்க. நான் தப்பா நெனைக்க மாட்டேன்.”

“ஒரு வாய் தண்ணிக்கா இம்புட்டுப் பேச்சு? டம்ளரைக் கையில குடுங்க. வெறுங்கையோட எப்படிப் போக?”

அமலியின் பக்கத்துக் கட்டிலில் அவளைப் படுக்கவைத்து, உப்பிட்ட நீரைக் கையில் கொடுத்து, பிலோமினா மருந்தைத் திறந்தாள்.

வெயில் சன்னலைக் கடப்பதற்குள் அமலியின் தொண்டை அசைந்தது. ஒரு மிடறு. பிறகு இன்னொன்று. உதட்டோர ஈரத்தை பிலோமினா விரலால் தொட்டு நாவில் வைத்தாள். கரித்தது. பேச்சியம்மாளின் டம்ளரைப் பார்த்தாள். அது சாயவில்லை, தரையில் ஈரமில்லை. காலியாக இருந்தது.

“மாதாவே!” சொட்டுக்கருவியை நிறுத்தினாள். பேச்சியம்மாள் கண் திறக்கவில்லை. உதடுகள் மட்டும் அசைந்தன.

“இருங்க, இருங்க... உனக்குமா தாயி? நீ யாரு பெத்த பிள்ளை? அட, எத்தனை பேருய்யா இங்க!”

வெறும் உருவங்கள் என்று சொல்லி, பிலோமினா யாரையெல்லாம் தாண்டிப் போகக் கற்றுக்கொடுத்திருந்தாள்!

“டீச்சரம்மா!” மயக்கத்துக்குள்ளிருந்து பேச்சியம்மாள் கூப்பிட்டாள். “தண்ணி பத்தல. ஒத்தையில முடியல. வாங்களேன்.”

குரல், என்று குறித்தது பிலோமினாவின் மனம். மூச்சு சீரானது.

அது கடந்து போய்விடும் முன், அவள் தொண்டையைக் கிழித்துக்கொண்டு வந்தது பதில்:

“என்னக்கா? இதோ வாரேன்.”