மாரித்தாய் குடியிருக்கும் வீடு

அன்று மாலை அந்தக் கதவின் முன் நின்றவர்கள் நான்கு பேர்: வீட்டுக்குச் சொந்தக்காரரான கோமதிநாயகம், அவர் மனைவி கனகலட்சுமி, தரகர் இசக்கிப்பாண்டி, வாடகைக்கு வீடு பார்க்க வந்த நர்ஸ் ராஜேஸ்வரி. வேறு யாரும் இல்லை. கோமதிநாயகம் பூட்டைத் திறந்து தள்ளினார். கதவு அசையவில்லை. உள்ளே தாழ் போட்டிருந்தது.

"மழைக்கு மரம் உப்பியிருக்கும்," என்றார்.

சங்கரன்கோவிலில் மழை பெய்து மாதங்கள் ஆகியிருந்தன.

அவருடைய தகப்பனார் கட்டிய வீடு அது. கடைசியாக இருந்த குடும்பமும் காரணம் சொல்லாமல் சாமான்களை ஏற்றிக்கொண்டு போனபோது, வாசலில் வாடகை போர்டு மாட்ட அவர் மனம் ஒப்பவில்லை. மகள் ப்ரியதர்ஷினிக்கு எழுதிக் கொடுக்கவிருந்த வீடு. குடி நிற்காத வீடு என்ற பேச்சு புளியங்குடிச் சம்பந்திகள் காதில் விழுந்தால் கல்யாணம் நின்றுவிடும், குடும்பத்தின் பெயரும் போய்விடும். ஆகவே பொழுது சாயும்போதெல்லாம் அவரே போய் விளக்கைப் போட்டார், வாசலில் ஒரு ஜோடி பெண்செருப்பை வைத்தார், புறவாசல் கொடியில் மனைவியின் பழைய சேலையை விரித்தார். கேட்டவர்களிடம், தறிக்காரர் ஒருவரின் சம்சாரம், பெயர் மாரித்தாய், அதிகம் வெளியே வரமாட்டாள், ஆனால் நல்ல குடி என்று சொன்னார்.

கனகலட்சுமிக்கு மட்டும் உண்மை தெரியும். "இல்லாதவளுக்குச் சேல குடுத்தாச்சு, செருப்பு குடுத்தாச்சு, பேரும் வச்சாச்சு," என்று ஒருநாள் குத்தலாகச் சொன்னாள். "இனி அவ வராம என்ன செய்வா?"

அவர் அதற்குச் சிரிக்கவில்லை. அரசாங்க உத்தியோகத்தில் இருக்கிற, வருஷக்கணக்கில் தங்கக்கூடிய நர்ஸ் கிடைத்த பிறகு, மாரித்தாய் வேடத்தை நிறுத்திக்கொண்டார்.

"அண்ணாச்சி, மாரித்தாய் எப்பம் காலி பண்ணுனா?" என்றான் இசக்கிப்பாண்டி. "நேத்துகூட வெளக்கு எரிஞ்சுதே!"

"காலையிலயே போயிட்டா வே."

நேற்று அவர் விளக்குப் போட வரவில்லை.

"பின்பக்கம் பாத்துட்டு வாரேன்," என்று சொல்லிவிட்டுப் பக்கத்துச் சந்துக்குள் தனியாக நுழைந்தார். தெரு முழுவதும் விசைத்தறிகளின் சடசடப்பு சுவர் வழியாக நெஞ்சுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. சாக்கடை ஈரமும் கஞ்சிப்பசை நாற்றமும் கலந்த அந்தச் சந்தில் நடக்க நடக்க, அவற்றுக்கு மேலாக வேறொரு வாசனை வந்தது. பால். பொங்கி வழிந்து அடுப்பில் கருகிய பால். புதிதாகக் குடிவருகிறவர்கள் முதல் வேலையாகக் காய்ச்சுகிற பால்.

கொடியில் சேலை கிடந்தது. அவர் எடுத்து மடித்து வீட்டுக்குக் கொண்டுபோன சேலை. முந்தானையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

அப்போது கரண்ட் போயிற்று.

தறிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்தன. அந்த அமைதியில், அடுப்படிக்குள் வளையல் சத்தம். பிறகு இன்னொரு வளையல். சுவரோரமாகப் பலபேர் நகர்ந்து உட்காருகிற அரவம். அவர் சொன்னது ஒருத்தியும் அவள் புருஷனும்தான்.

"வீட்டுக்கார அண்ணாச்சியா?"

பெண்குரல். ஜன்னலுக்கு மிக அருகில். உள்ளே இருட்டு.

"நாங்க காலி பண்ணலியே. ஏன் அப்பிடிச் சொன்னிய?"

அவர் கம்பிகளுக்குள் எட்டிப் பார்த்தார்.

"பால் காய்ச்சியாச்சு. மொதத் தம்ளர் வீட்டுக்காரவுகளுக்குத்தான?"

கம்பிகளுக்கு இடையில் ஒரு கை வந்தது. ஈரமான கை. விரல்களில் தம்ளர், ஆவி பறந்தது. அவர் பின்வாங்கினார். கை நீண்டது. இன்னும் பின்வாங்கினார். இன்னும் நீண்டது. மணிக்கட்டு வந்தது. வளையல்கள் வந்தன. அதற்கப்பால் கை வந்துகொண்டே இருந்தது. முழங்கை வரவில்லை.

மதில் முதுகில் இடித்தது.

"வாங்க மாட்டியளா?" குரலில் வருத்தம். "முன்னால கொண்டாரட்டுமா? எல்லாரும் நிக்காவ. நம்ம புளியங்குடிக்காரவுகளுக்கும் ஆள் அனுப்பட்டுமா?"

முன்வாசலில் இசக்கிப்பாண்டியின் இருமல் கேட்டது. ராஜேஸ்வரி ஏதோ கேட்டாள். வீட்டுக்குள் முன்கதவின் தாழ்ப்பாள் மெல்ல நகர்கிற சத்தம் வந்தது.

கோமதிநாயகம் தம்ளரை வாங்கினார்.

குடித்தார். கடைசிச் சொட்டுவரை. நாக்கில் மண் கரகரத்தது. காலித் தம்ளரை எடுத்துக்கொண்டு கை உள்ளே போயிற்று. வெகுநேரம் போயிற்று.

அவர் முன்வாசலுக்கு வந்தார். முதுகு நிமிர்ந்தே இருந்தது. வேட்டியில் மதில் சுண்ணாம்பு.

"வீடு காலி இல்லம்மா," என்றார் ராஜேஸ்வரியிடம்.

"இப்பம்தான அவ போயிட்டான்னிய!" என்றான் இசக்கிப்பாண்டி.

"காலி இல்லன்னா இல்ல வே."

கனகலட்சுமி அவர் உதட்டோரத்துப் பாலாடையைப் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் முகத்துக்குப் பின்னால், முன்ஜன்னலின் ஒவ்வொரு கம்பியையும் உள்ளிருந்து ஒரு கை பற்றியிருந்தது.

ப்ரியதர்ஷினியின் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மாரித்தாய் என்று ஒருத்தி இருந்ததே இல்லை, அந்த வீடு ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கிறது என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. அது தவறு. அங்கே குடி இருக்கிறது.