இடப்பக்க இருக்கை

கீரனூர் பஸ் நிறுத்தத்தில் இளமதி இறங்கியபோது, பட்டப்பகலிலேயே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா செங்கமலம், "கொண்டாந்தியா?" என்றாள்.

கொண்டுவந்திருந்தாள்.

தம்பி சந்தோஷ்குமாருக்கு ஒரு கார் கம்பெனியில் வேலை. அறைக்குள் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, திரையில் விரியும் சாலையில் ஓட்டிக் காட்ட வேண்டும். வேகம், பிரேக், கதவு, ஒவ்வொரு இருக்கையிலும் ஏறும் எடை எல்லாம் கோப்பில் எண்களாகப் பதிவாகும். அந்தக் கோப்புகளைப் படித்துக் காட்டும் மென்பொருளை எழுதியவள் இளமதி. போன மாதம் ஊருக்கு வரும் வழியில், நிஜச் சாலையில், நின்றிருந்த லாரியில் மோதித் தம்பி செத்துப்போனான். பிரேக் பிடித்த தடமே இல்லை என்றார்கள். அன்றிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. அந்த அறையில் அவன் கடைசியாக ஓட்டியதன் கோப்பைப் பார்த்தால் சாப்பிடுகிறேன் என்றாள்.

மடிக்கணினியில் எண்கள் ஓடின. இது அவன் கை, இது அவன் கால் என்று இளமதி காட்டினாள். அம்மாவின் விரல் பிரேக் வரிசையில் நின்றது. அங்கே பூஜ்யம் மட்டுமே.

"மிதிக்கவே மாட்டேங்குறானே. நிறுத்தச் சொல்லுடி."

இது முடிந்துபோன ஓட்டம், மாற்ற முடியாது என்று இளமதி சொல்லிப் பார்த்தாள். அம்மா திரையை முகத்தருகே இழுத்துக்கொண்டாள்.

"தம்பி, பிரேக்க மிதிப்பா. அம்மா சொல்றேன்ல."

கோப்பு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. இளமதி அதன் அளவைப் பார்த்தாள். வளர்ந்துகொண்டிருந்தது. யாராவது ஓட்டிக்கொண்டிருந்தால்தான் அது வளரும்.

ரப்பர் தேய்ந்து கருகும் வாடை அறையில் பரவியது.

பிரேக் எண் ஏறியது.

வேகம், பூஜ்யம்.

"நின்னுட்டான்டி," என்று கிசுகிசுத்தாள் அம்மா. அவள் முகத்தில் சிரிப்பு வந்தது.

இடப்பக்கக் கதவு திறந்ததாகக் காட்டியது.

"எந்திரிம்மா. போதும்."

காலியாக இருந்த இடப்பக்க இருக்கையில் எடை ஏறியது. முப்பது. முப்பத்தெட்டு. நாற்பத்தொன்றில் நின்றது. மெலிந்து மெலிந்து அம்மா வந்து சேர்ந்திருந்த எடை.

அம்மாவின் தலை இளமதியின் தோளில் சரிந்தது.

கதவு மூடியது. வேகம் ஏறியது.

இளமதி அவளைத் தரையில் கிடத்தி உலுக்கினாள். நெஞ்சை அழுத்தினாள். பக்கத்து வீட்டைக் கூப்பிட்டுக் கத்தினாள். மழை கொட்டிய சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. மூக்கில் மூச்சு இல்லை. கை குளிர்ந்துகொண்டே போனது.

திரையில் அந்த நாற்பத்தொன்று மட்டும் லேசாக ஏறி இறங்கியது, உட்கார்ந்திருப்பவர் அசைவதுபோல.

கோப்பை மூட விரல் போனது. மூடினால் அம்மா எங்கே போவாள்?

அவளும் திரையை முகத்தருகே இழுத்துக்கொண்டாள்.

"சந்தோசு, வண்டிய நிறுத்துடா. அம்மாவ இறக்கிவிட்றா. அக்கா கெஞ்சுறேன்."

பிரேக் எண் ஏறியது.

வேகம், பூஜ்யம்.

இடப்பக்கக் கதவு எப்போது திறக்கும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

அது திறக்கவில்லை.

பின் இருக்கைக் கதவு திறந்தது.