துணை என்ற கட்டம்

“ஒண்ணு கேக்கணும்,” என்றான் கணவன், போனில்.

“கேளுங்க.”

“சிஸ்டம் என்னைக் கீழ விட மாட்டேங்குது. நீ பண்ணின சிஸ்டம்தானே, உன்னை மாதிரியே பிடிவாதம்.”

“உங்க பொண்ணு தலை நிறைய ஷாம்பு நுரையோட வீடு பூரா ஓடிட்டிருக்கா. எதுவா இருந்தாலும் நேர்ல வந்து கேளுங்க.”

“நேர்லயா?” அவன் சிரித்தான். அவனுக்குப் பின்னால் மழைச் சத்தம். “சரி, நேர்லயே வந்து கேக்கறேன். குட்டி மேஸ்திரிகிட்ட சொல்லு, ஹெல்மெட் போடாம ஓடக் கூடாதுன்னு.”

அவளிடம் அவன் பேசியது அதுதான் கடைசி. பதினொரு மாதம் ஆகிவிட்டது. இப்போதும் ஷாம்பு பாட்டிலைத் திறந்தால் அந்தப் பேச்சு அவளுக்குள் ஓர் எழுத்துப் பிசகாமல் ஓடி முடியும். அழுகை மட்டும் வராது. பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்ட பக்கம்போல, தொட்டால் தொட்டது தெரியும், அவ்வளவுதான்.

அவன் பத்து மாடிக் கட்டடம் ஒன்றின் சூப்பர்வைசர். அவள் அதே நிறுவனத்தின் அலுவலகத்தில், கட்டட வேலைகளைக் கவனிக்கும் மென்பொருளை எழுதுகிறவள். அடித்தளப் பள்ளத்தில் யாரும் தனியாக இறங்கக் கூடாது என்ற விதியை அதில் எழுதியவளும் அவள்தான். இறங்குகிறவர் ‘துணை’ என்ற கட்டத்தில் கூட வருகிறவரின் பெயரைப் போட்டு அனுமதி கேட்க வேண்டும். அலுவலகக் கணினியில் யாராவது உட்கார்ந்து அனுமதி கொடுக்க வேண்டும். அந்த மழை நாளில் ஆட்கள் எல்லோரும் போய்விட்டிருந்தார்கள், அலுவலகமும் பூட்டியாகிவிட்டது. பள்ளத்தில் மோட்டார் நின்று தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அவன் துணைக் கட்டத்தைக் காலியாக விட்டே கோரிக்கையை அனுப்பிவிட்டு, தனியாக இறங்கினான். மறுநாள் காலையில்தான் உடலை மேலே கொண்டுவந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் நிறுவனத்துக்குப் புத்தி வந்தது. எங்கே இருந்தாலும், கையில் போன் இருந்தால் அனுமதி கொடுக்கலாம் என்று மாற்ற வேண்டும். யார் உள்ளே இருக்கிறார்கள், எந்தத் தளத்தில் என்று கேட்டவர் கேட்டபடி அறிக்கை வர வேண்டும். அந்த வேலையை அவளிடம் கொடுக்கத் தயங்கினார்கள். அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

சோதித்துப் பார்க்கத் தன் வீட்டையே ஒரு சைட்டாகப் பதிவு செய்திருந்தாள். வாசல், ஹால், சமையலறை, படுக்கையறை ஒவ்வொன்றும் ஒரு தளம். நிலைப்படிகளில், ஆட்கள் கழுத்தில் மாட்டும் அடையாளக் கார்டைப் படிக்கும் சின்ன வில்லைகளை ஒட்டியிருந்தாள். ஆட்கள் இரண்டே பேர். பொறுப்பாளர், அவள். உதவியாள், அவளுடைய ஐந்து வயது மகள். பெயர்க் கட்டத்தில் ‘குட்டி மேஸ்திரி’ என்று போட்டபோது, பல நாளைக்குப் பிறகு அவள் உதடு கொஞ்சம் அசைந்தது.

அன்று மதியம் மூன்றேகால் மணிக்கு மேனேஜர் போன் செய்தார்.

“என்னம்மா, வீட்டையே சைட்டாக்கிட்ட. காங்கிரீட் எப்போ?”

“சிமென்ட் லோடு இன்னும் வரல சார்.”

“இங்க என் ஸ்க்ரீன்ல நல்லாத்தான் தெரியுது. ஆனா உள்ளே மூணு பேர்னு காட்டுதே. விருந்தாளியா?”

“நானும் பாப்பாவும்தான் சார். அவ தூங்கறா.”

“அப்போ கூட்டல்ல எங்கயோ இடிக்குது. திங்கக்கிழமை பெரியவங்ககிட்ட காட்டணும். பாரு.”

அவள் பார்த்தாள். உள்ளே இருப்போர்: 3. அறிக்கையில் பெயர், இடம் என்று இரண்டு பத்திகளைச் சேர்த்து மறுபடி ஓடவிட்டாள்.

பொறுப்பாளர், ஹால். குட்டி மேஸ்திரி, படுக்கையறை. சூப்பர்வைசர், வாசல்.

அவளுக்குப் பயம் வரவில்லை. காரணம் வந்தது. கார்டைத் தேய்த்து வெளியேறாதவரை ஆள் உள்ளே இருப்பதாகத்தான் கணக்கு. அவனைத் தூக்கிக்கொண்டு போன அவசரத்தில் யார் அவன் கார்டைத் தேய்க்கப் போகிறார்கள்? அவள் நினைத்திருந்தால் ஒரே தட்டில் அவனை வெளியேற்றியிருக்கலாம். பதினொரு மாதமாக அந்த விரல் எழவில்லை. பழைய பதிவு புதிய சைட்டில் கலந்திருக்கும். சரி செய்துவிடலாம்.

மறுபடி ஓடவிட்டாள்.

சூப்பர்வைசர், ஹால்.

வெளியே மழை பிடித்திருந்தது. ஜன்னல் வெளிச்சம் சாம்பல் நிறமாகித் தரையில் படிய, மின்விசிறி சுற்றும் சத்தத்துக்கு அடியில், காலையில்தான் பெருக்கித் துடைத்த அந்தத் தரையில், மணல் நெரிபடும் சத்தம் ஒன்று, கனமான பூட்ஸ் போட்டவர் தூங்குகிறவர்களை எழுப்பிவிடாமல் நடக்கும்போது கேட்பதுபோல, நாலு அடி வைத்து நின்றது. அதோடு ஈர சிமென்ட் வாசனை. அவன் சட்டைகளை ஊறவைக்கும் வாளியில் எழும் அதே வாசனை.

அவள் தலையைத் தூக்கவில்லை. டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாப்பாதான். அவன் கார்டை எடுத்து விளையாடுகிறாள்.

எழுந்து அலமாரியைத் திறந்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் கவர் அப்படியே இருந்தது, அவள் போட்ட முடிச்சோடு. உள்ளே வாட்ச், சாவி, கார்டு. கார்டு காய்ந்துதான் இருந்தது. அப்பாடா என்று நிமிர்ந்தவள் அலமாரியின் உச்சியைப் பார்த்தாள். அவனுடைய மஞ்சள் ஹெல்மெட்டை அங்கேதான் வைத்திருந்தாள், அதை எடுக்க அவளுக்கே ஸ்டூல் வேண்டும்.

தூசியில் ஒரு வட்டம் இருந்தது. ஹெல்மெட் இல்லை.

மேஜை மேல் போன் ‘டிங்’ என்றது.

புதிய கோரிக்கை. ஆனால் தேதி புதிது இல்லை. பதினொரு மாதத்துக்கு முந்தைய தேதி, மாலை ஐந்து நாற்பது. கேட்பவர்: சூப்பர்வைசர். இடம்: அடித்தளப் பள்ளம். துணை: காலி.

அன்றைக்கு அவன் அனுப்பி, பூட்டிய அலுவலகத்தில் யாரும் பார்க்காமல் கிடந்த கோரிக்கை. அவள் புதிதாகத் திறந்துவிட்ட வழியில் இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது. அவள் கைக்கே.

இதைத்தான் கேட்க வந்தான். இதற்குத்தான் நேரில் வா என்றாள்.

கோரிக்கைக்கு அடியில் அறிக்கை தானாகப் புதுப்பித்துக்கொண்டது. சூப்பர்வைசர், படுக்கையறை.

“பாப்பா?”

தண்ணீர் சொட்டும் சத்தம். குழாய் இருக்கும் பக்கமிருந்து இல்லை.

போகவேண்டும் என்று நினைத்தாள். கால் நினைக்கவில்லை. காலியாக இருந்த துணைக் கட்டத்தில் ஒரு சின்னக் கோடு துடிக்க ஆரம்பித்தது. பிறகு ஓர் எழுத்து. இன்னொன்று. ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டும் வேகம். அந்த வேகத்தை அவள் எத்தனை தடவை கேலி செய்திருக்கிறாள்.

கு.

ட்.

டி.

அவள் ‘மறு’ என்ற பொத்தானை அழுத்தினாள். விரல் இருப்பதே தெரியவில்லை. திரை கேட்டது: காரணம்? அவளே எழுதிய கேள்வி. காரணம் சொல்லாமல் யாரும் மறுக்கக் கூடாது என்று அவளே வைத்த விதி.

காரணம்.

என்ன என்று போடுவாள்? குழந்தை என்றா? இத்தனை நாள் அவன் ஒற்றையாகக் கிடந்ததற்கு அவளிடம் என்ன காரணம் இருந்தது?

தட்டினாள். தப்பாக விழுந்தது. அழித்தாள். மறுபடி தட்டினாள்.

மேஸ்திரி. அதற்குள் துணைக் கட்டம் நிறைந்துவிட்டது.

படுக்கையறைக் கதவு மெதுவாகத் திறந்தது.

பாப்பா நின்றாள். வெறும் கால். கழுத்தில் உதவியாள் கார்டு. தலையில் அந்த மஞ்சள் ஹெல்மெட், கண்வரை இறங்கி. வலது கையை மேலே தூக்கியிருந்தாள், தெருவைக் கடக்கும்போது பெரியவர் கையைப் பிடித்துக்கொள்ளும் உயரத்துக்கு. விரல்கள் எதையோ இறுக்கிப் பிடித்திருந்தன. விரல்களுக்கு நடுவில் ஒரு கையின் பருமனுக்கு இடைவெளி. அதிலிருந்து சாம்பல் நிறத் தண்ணீர் சொட்டியது. அவள் முழங்கை வழியாக. தரையில்.

“அம்மா,” என்றாள் பாப்பா, தூக்கக் கலக்கத்தோடு. “அப்பா நேர்லயே வந்துட்டாராம். கீழே இறங்க, துணைக்கு என்னை அனுப்புறியான்னு கேக்குறாரு.”