கூரை ஒழுகிய ஞாயிறு

காலை 9.40.

அரக்கு முத்திரையை உடைத்து, துணிப்பையிலிருந்து கண்ணாடித் துண்டை வெளியே எடுத்தார் அரசு வக்கீலம்மா. துண்டைக் கண்டெடுத்த அன்று பிடித்த போட்டோவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். திருப்பி வைத்தார். தலைகீழாக வைத்தார். முகம் வெளுத்துவிட்டது.

“இது அந்தத் துண்டே இல்ல. வேற கண்ணாடி!”

இரண்டு மாதத்துக்கு முன்னால், சைக்கிளில் போன ஒரு தச்சரைக் கார் ஒன்று அடித்துப்போட்டுவிட்டு நிற்காமல் பறந்தது. ஆள் அங்கேயே உயிரை விட்டார். ரோட்டில் மிஞ்சியது முன்விளக்குக் கண்ணாடியில் ஒரு துண்டு. பெரிய இடத்துப் பிள்ளை ஒருவனின் காரில் விளக்கு உடைந்திருந்தது. இன்று மதியம் இரண்டு மணிக்கு நீதிபதி முன்னால் துண்டைப் பொருத்திக் காட்ட வேண்டும். துண்டு இல்லையென்றால் வழக்கும் இல்லை. பிள்ளையாண்டான் கையை வீசிக்கொண்டு வீட்டுக்குப் போவான். தச்சரின் மனைவியோ எட்டு மணியிலிருந்து ஸ்டேஷன் வாசல் பெஞ்சில் காத்திருக்கிறார்.

சத்தம் கேட்டு, குளுகுளு அறையை விட்டு இன்ஸ்பெக்டரே வெளியே வந்துவிட்டார். அமாவாசையன்று நிலா வந்த மாதிரி எல்லோரும் பார்த்தார்கள்.

“சாட்சிப்பொருள் ரூம் சாவி யார்கிட்ட இருக்கு?”

“என்கிட்டதான் சார்,” என்றார் ஏட்டு.

“ரெண்டு மாசமா உன்கிட்டதானே இருக்கு? அப்ப நீதான் வித்துட்டே. பதினோரு மணிக்குள்ள உன்னை சஸ்பெண்ட் பண்ணச் சொல்லி மேல எழுதறேன்.”

ஏட்டு இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டார். இருபத்தெட்டு வருட வேலை. ஒரு குண்டூசிகூட வீட்டுக்குக் கொண்டுபோகாத மனிதர்.

அப்போதுதான் எஸ்.ஐ. அம்மாள் நாற்காலியை விட்டு எழுந்தாள். ஸ்டேஷனில் அவளுக்குப் பெயர் ஊசி. எதையும் குத்திக் குத்திக் கேட்பாள். ஜீப்புக்கு பிரேக் சரியில்லை என்று இரண்டு கடிதம், கூரை ஒழுகுகிறது என்று மூன்று கடிதம் எழுதி, ஒன்றுக்கும் பதில் வராமல் வெறுத்துப் போயிருந்தாள். “கல்லுல நார் உரிக்கிற வேலை உனக்கெதுக்குடி?” என்று கணவன் தினமும் கேட்டான். கேட்டுக் கேட்டு அவளும் ராஜினாமாவை டைப் அடித்துவிட்டாள். இன்றைய வழக்கு முடிந்து, நாளை கொடுப்பதாக இருந்தாள்.

“நீதான் வேலையை விடப்போறியாமே, உனக்கு எதுக்கும்மா இந்த வம்பு?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“விடுறது நாளைக்கு சார். இன்னைக்கு நான் இந்த ஸ்டேஷன் எஸ்.ஐ.”

காலை 9.55.

சாட்சிப்பொருள் அறை. ஊசி, பின்னால் ஏட்டு. அலமாரியில் முப்பது துணிப்பைகள். எல்லாவற்றிலும் பழுப்புத் திட்டு. மேலே எழுதிய எண்கள் நீலமாகக் கரைந்து வழிந்திருந்தன; உற்றுப் பார்த்தால்தான் படிக்க முடிந்தது. போன ஞாயிறு பெய்த மழை செய்த வேலை. அன்று லீவு நாள். ஆனாலும் ஏட்டு, ஊசி, இரண்டு கான்ஸ்டபிள்கள் என்று நாலு பேரும் ஓடிவந்து, பைகளை அள்ளி, ஃபேனுக்குக் கீழே காயவைத்தார்கள்.

“முத்திரைக் கட்டை எங்க இருக்கும் ஏட்டையா?”

“சார் டிராயர்ல. வேணும்னா கேட்டு வாங்குவோம்.”

“காலையில என்ன நடந்துச்சு? ஒண்ணுவிடாம சொல்லுங்க.”

“ஒன்பதே காலுக்கு நானே பையை எடுத்தேன் மேடம்.”

“எப்படி இருந்துச்சு?”

“மத்த பை மாதிரிதான். அட்டைப்பெட்டியில வச்சு மூடி, சார் கையெழுத்துக்குக் கொண்டுபோனேன். ‘வச்சுட்டு டீ வாங்கிட்டு வா’ன்னார். பத்து நிமிஷத்துல வந்து, பெட்டியை எடுத்து நேரா வக்கீலம்மா முன்னால வச்சேன், உடனே திறந்தாங்க.”

“திறந்து பார்த்தீங்களா?”

“நான் வச்சதுதானே மேடம், எதுக்குத் திறக்கணும்?”

“சாருக்கு அப்புறம் வேற யார் கையிலயாவது போச்சா?”

“என் கையை விட்டு இறங்கவே இல்ல.”

ஊசி சிரித்தாள். ஏட்டுக்கு அழுகையே வந்துவிட்டது.

“ஏன் மேடம் சிரிக்கிறீங்க? என் பொழைப்பே போகுது.”

“போகாது ஏட்டையா. வாங்க.”

காலை 10.20.

இன்ஸ்பெக்டரின் மேஜை. வக்கீலம்மா திறந்த பையை ஊசி நடுவில் வைத்தாள். பக்கத்தில் அலமாரியிலிருந்து கொண்டுவந்த மூன்று பைகள். மூன்றும் பழுப்பு. நடுவில் இருந்தது வெள்ளை வெளேர் என்று, எண்கூட அழியாமல் இருந்தது.

வக்கீலம்மா தலையில் அடித்துக்கொண்டார். “அடக் கடவுளே! கண்ணாடியையே பார்த்தேன், பையைப் பார்க்கல.”

“ஞாயித்துக்கிழமை அந்த ரூம்ல இருந்த எல்லாப் பையும் நனைஞ்சுது,” என்றாள் ஊசி. “காலையில ஏட்டையா எடுத்த பையும் மத்ததைப் போலத்தான் இருந்துச்சு. இது நனையவே இல்ல. அப்படின்னா, பை மாறினது ரூமுக்குள்ள இல்ல, வெளிய வந்த பிறகு. அது ரெண்டே பேர் கையிலதான் இருந்துச்சு. ஒண்ணு ஏட்டையா. இன்னொண்ணு நீங்க.”

“அப்ப ஏட்டுதான்!”

“அவர் செஞ்சிருந்தா ரெண்டு சொட்டுத் தண்ணி தெளிச்சிருப்பார் சார். ஒவ்வொரு பையையும் காயவச்சவர் அவர். பை வெள்ளையா இருக்கும்னு நம்பினவருக்கு மழை விஷயமே தெரியாது.”

இன்ஸ்பெக்டர் மேஜையில் ஓங்கி அடித்தார். “எனக்கு எப்படித் தெரியும்? அந்த ரூம்ல தண்ணி வந்துச்சுன்னு யாராவது ஒருத்தர் என்கிட்ட சொன்னீங்களா?”

 தன் வாயால் என்ன சொன்னோம் என்று அவருக்கே கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

“நான் சொன்னேன் சார்.” ஊசி அவருடைய தட்டிலிருந்து ஒரு கடிதத்தை உருவினாள். “திங்கக்கிழமை. ‘எல்லாப் பையும் நனைந்துவிட்டது, எண்கள் கரைந்துவிட்டன.’ கீழ பாருங்க, ‘பார்த்தேன்’னு உங்க கையெழுத்து. படிச்சிருந்தீங்கன்னா தப்பிச்சிருப்பீங்க.”

இன்ஸ்பெக்டர் கடிதத்தைக் கவிழ்த்து வைத்தார்.

“முத்திரை உங்க டிராயர்ல. போலிப் பையை முன்னாடியே தச்சு வச்சீங்க. இன்னைக்கு நிஜப் பையைப் பார்த்ததும் திக்குன்னு இருந்திருக்கும். ஆனா டீ வர பத்து நிமிஷம்தான். யாரு பையைக் கவனிக்கப்போறாங்கன்னு துணிஞ்சுட்டீங்க. அதுக்கப்புறம் நீங்க ஸ்டேஷனை விட்டு வெளிய போகல. பீரோவைத் திறங்க சார்.”

“முடியாது. நீ யாரு என்னைக் கேக்க?”

வக்கீலம்மா போனை மேஜையில் வைத்தார். “உங்க மேலதிகாரி லைன்ல இருக்கார். எல்லாம் கேட்டுக்கிட்டுதான் இருக்கார்.”

போனிலிருந்து ஒரே ஒரு வார்த்தை வந்தது. “திற.”

பீரோவின் கீழ்த்தட்டில், துவாலைக்கு அடியில், பழுப்புத் திட்டோடு பை இருந்தது. முத்திரை உடையாமல் இருந்தது. வக்கீலம்மா அதை ஏட்டின் கையிலேயே கொடுத்தார். ஏட்டு அதைப் பச்சைக் குழந்தையைப் போல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு விசும்பி விசும்பி அழுதார்.

மதியம் 1.15.

நீதிமன்றத்துக்குப் போகும் ஜீப்பில் வக்கீலம்மா மெல்லக் கேட்டார்: “தலைமையே இப்படி இருக்கிற இடத்துல உனக்கு என்னம்மா வேலை? என் ஆபீசுக்கு வந்துடேன்.”

“காலையில கேட்டிருந்தா வந்திருப்பேன் மேடம். ஞாயித்துக்கிழமை கூப்பிடாமலே நாலு பேர் ஓடிவந்தோமே, அதுதான் ஸ்டேஷன்னு இப்பத்தான் புரியுது. அந்தாளு இல்ல. நான் போயிட்டா அந்தாள மாதிரி இன்னொருத்தன் வருவான். ஏட்டையாவுக்கு யார் பேசுவா?” என்றாள் ஊசி. சொன்ன பிறகு மனது லேசாகிவிட்டது.

மதியம் 2.40.

நீதிமன்றத்தில் துண்டு விளக்கின் பள்ளத்தில் போய் அச்சாக உட்கார்ந்தது. பெரிய இடத்துப் பிள்ளை தரையைப் பார்த்தான். அவன் வக்கீல் சும்மா விடுவாரா? துள்ளி எழுந்தார்.

“எஸ்.ஐ. அவர்களே, இன்னைக்குக் காலையில இந்தத் துண்டு எங்க இருந்தது?”

“எங்க இன்ஸ்பெக்டர் பீரோவுல.”

“திருடினது உங்க ஸ்டேஷன் ஆளு!”

“ஆமா சார்.”

“அப்படிப்பட்ட ஸ்டேஷனை இந்த நீதிமன்றம் எப்படி நம்பும்?”

ஊசி நிமிர்ந்து நின்றாள். 

“திருடினதும் எங்க ஸ்டேஷன்தான். நாற்பது நிமிஷத்துல பிடிச்சுக் கொடுத்ததும் எங்க ஸ்டேஷன்தான்.”

நீதிபதி அதை அப்படியே எழுதிக்கொண்டார். “வேற கேள்வி இருக்கா?” என்றார். வக்கீல் உட்கார்ந்துவிட்டார். கடைசி வரிசையில் தச்சரின் மனைவி எழுந்து நின்றார். அவரை யாரும் உட்காரச் சொல்லவில்லை.