அத்தையிடம் சில கேள்விகள்

"கோர்ட்டுக்குப் போற மகாராணி டீயைப் போட்டு வச்சிட்டுப் போகலாமா... இல்ல, அதுக்கும் ஜட்ஜு உத்தரவு வேணுமா?"

மாமியாரின் குரல் காலையிலேயே வீட்டைக் கிழித்தது. மருமகள் டீயை வடிகட்டி மாமியார், கணவன் இருவர் முன்னாலும் வைத்தாள். விவாகரத்து மனு போட்ட பிறகும் அதே வீடு, அதே அடுப்படிதான். அம்மா போன பிறகு அவளுக்குப் போக்கிடம் ஏது?

"வக்கீல் இல்லாம இவளே வாதாடப் போறாளாம்மா!" என்று கணவன் சிரித்தான். "உன்னைப் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கும் இவளுக்கு."

வக்கீல் வைக்கச் சொல்லி எல்லோரும்தான் சொன்னார்கள். நீதிமன்றக் கவுன்டரில் இருந்த அம்மாள்கூட, மனுவில் தப்பு இருக்கிறதென்று இரண்டு தடவை திருப்பிக் கொடுத்துவிட்டு, "எதுக்கும்மா இந்தத் தலைவலி?" என்றாள். ஆனால் வக்கீல் வைத்தால் வக்கீல்தானே கேள்வி கேட்பார்! அவளுக்குத் தன் வாயால் கேட்க வேண்டும். இத்தனை வருஷம் மூடியே கிடந்த வாய் அது.

நீதிமன்றத்தில் கணவன் தரப்பின் முதல் சாட்சியைக் கூப்பிட்டதும் அவள் திரும்பிப் பார்த்தாள். வந்து நின்றது அவளுடைய சொந்த அக்கா!

"பெத்த அம்மா செத்ததுக்கே வராதவங்கய்யா இவ! விருந்தாளி வர்றாங்க, இவ வரமாட்டேன்னு சொல்லிட்டான்னு இவ மாமியார்தான் போன்ல சொன்னாங்க. அன்னைக்கே என் தங்கச்சியும் எனக்குச் செத்துட்டா..."

அக்காவிடம் கேட்க அவளுக்குக் கேள்வி எழவில்லை. அக்கா அவள் முகத்தைப் பார்க்காமலேயே பின் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

அடுத்து மாமியார் கூண்டில் ஏறினாள். எதைக் கேட்டாலும் 'ஞாபகமில்லை' என்று சொல்லும்படி கணவனின் வக்கீல் சொல்லிக்கொடுத்திருந்தார். அவளும் கிளிப்பிள்ளை மாதிரி அதையே சொன்னாள். வக்கீல் மீசைக்குள் சிரித்துக்கொண்டார். பாவம், அத்தையோடு குடித்தனம் நடத்தியது அவர் இல்லையே!

"சரிங்கத்தை, உங்களைக் கேட்டு என்ன ஆகப்போகுது?" என்று அவள் மெதுவாக ஆரம்பித்தாள். "அந்த வீட்டுல உங்க பேச்சு எங்க எடுபடுது? எல்லாம் உங்க மகன் முடிவு. எங்கம்மா செத்த அன்னைக்கு என்னை அடுப்படியில வச்சுப் பூட்டுனதும் அவர்தான்..."

"யாருடி சொன்னது?" மாமியாரின் முகம் சிவந்தது. "பூட்டுனது நான்டி! அவன் முதலாளி சாப்பிட வர்ற நாள்ல நீ அழுதுக்கிட்டுக் கிளம்பிட்டா யார் சமைக்கிறது? திறந்துவிடலாமான்னு அவன் கேட்டான். நான்தான் கூடாதுன்னேன். என் உத்தரவில்லாம அந்த வீட்டுல ஒரு துரும்பு அசையாது!"

"அம்மா!" என்று அலறினான் கணவன். வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். நீதிபதி எழுதிக்கொண்டிருந்தார். அவளுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. அப்படியொரு சுகத்தை அவள் வாழ்க்கையில் கண்டதில்லை.

"அடிப்பாவி... ஏண்டி எங்கிட்டச் சொல்லல?" பின் பெஞ்சிலிருந்து ஓடிவந்த அக்கா அவளைக் கட்டிக்கொண்டு கதறினாள்.

"நீ போனையே எடுக்கலியேக்கா..."

"என்னை மன்னிச்சிடுடி! இனிமே நீ எங்கயும் போக வேண்டாம். என்கூட வந்துடு..."

நீதிபதி மேசையைத் தட்டினார். அமைதி திரும்பியது. என்ன சொல்லிவிட்டோம் என்பது அப்போதுதான் மாமியாருக்கு உறைத்தது. கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நீதிபதி பக்கம் திரும்பினாள்.

"கால் வலிக்குதுங்கய்யா... நான் இறங்கிக்கட்டுமா?"

நீதிபதி மருமகளைப் பார்த்தார். "கேள்வி முடிஞ்சுதாம்மா?"

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இல்லைங்கய்யா. இப்பதான் ஆரம்பிச்சிருக்கேன்... அத்தை நிக்கட்டும்."