மேற்கு அறைக்காரர்

"உனக்கு எழுத வரும்ல?" என்று அப்பா கேட்டார்.

பன்னிரண்டு வயதில் அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, செத்துக்கொண்டிருந்த அம்மாவின் படுக்கைக்குக் காவல் வைத்தவர் அவர்தான். பத்தொன்பது வருஷம் கழித்து இந்தக் கேள்வி. ஜெருஷா இறகுப் பேனாவைச் சீவினாள். அக்டோபர் மாதம். ஆப்பிள் பிழிந்த சக்கை வாசலில் புளித்து நாறிக்கொண்டிருந்தது.

ஆமாசா டெண்டன் அடுப்புக்கு வலப்பக்கம் தன் நாற்காலியில் இருந்தார். கண்ணில் பூ விழுந்து இரண்டு வருஷமாகிறது; நடந்தால் ஒரு குதிகாலை இழுத்துத்தான் நடப்பார். எதிரே அண்ணன் இத்தமார் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். நீதிபதி முன்னால்கூட யாராவது சொன்னால்தான் கழற்றுவான். அப்பா முன்னால் மட்டும் அவன் கை தானாகத் தலைக்குப் போய்விடும். அவனுக்குப் பின்னால் அவன் மனைவி டார்க்கஸ்.

"எழுது. மேட்டு நெலம், ஓடைப் புல்வெளி, கொட்டகை, எருது, இந்த வீடு. எல்லாம் இத்தமாருக்கு. இன்னையிலருந்தே."

பேனா புல்வெளியில் நின்றது. அது சதுப்பாகக் கிடந்த நிலம். மூன்று கோடை முழங்கால் சேற்றில் நின்று வாய்க்கால் வெட்டியவள் அவள். காலில் ஒட்டிய அட்டைகளைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே வெட்டினாள். கரையில் நின்று, "இதை நீ காய வெச்சுட்டா உனக்கே" என்று சொன்னவர் இந்த மனிதர்தான்.

"அப்பா, புல்வெளிய எனக்குன்னு சொன்னீங்களே."

"பொண்ணுக்கு எதுக்கு நெலம்? நாளைக்குக் கட்டிக்கிறவன் பேருக்கு மாறிடும்."

"முப்பத்தொண்ணு ஆச்சு, இனிமே எவன் வரப்போறான்?" என்றான் இத்தமார். "அந்த ஓடைத் தவளைதான் கட்டிக்கணும்." டார்க்கஸ் இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அவளுக்குப் பின்பக்கச் சின்ன அறை. கல்யாணம் ஆகிற வரைக்கும். ஒரு பசு" என்றார் அப்பா. பிறகு தன் பங்குக்கு வந்தார். பிள்ளைகளில் ஒருவரையும் நம்பாத மனிதர், ஒருவர் கழுத்தில் இன்னொருவரைக் கட்டிவிட்டுத்தான் ஓய்ந்தார். "எனக்கு மேற்கு அறை. அங்கருந்து சமையல்கட்டு வழியா கெணத்துக்குப் போகவர வழி. அடுப்போரம் இந்த நாற்காலி. நடுப்பகல்ல வீட்டுல என்ன வேகுதோ அதுல ஒரு தட்டு. தெனமும் என் கதவோரம் எட்டுக் கட்டை விறகு. நான் உசுரோட இருக்கிற வரைக்கும். ஒரு நாள் தவறினாலும் நெலமும் வீடும் ஜெருஷாவுக்குப் போயிடும். யார் கைக்குப் போனாலும் இதையெல்லாம் அவங்க செஞ்சாகணும்."

எல்லாவற்றையும் எழுதினாள். 'நான் உயிரோடிருக்கும் வரை' என்பதை மட்டும் எழுதவில்லை.

கிழவர் சாவார், காகிதம் சுமத்திய பாரம் சாகாது. இத்தமார் என்றாவது ஒரு நாள் சலித்துப்போய்த் தவறுவான். அன்றைக்குப் புல்வெளி அவளுடையது. அண்ணன் எந்தக் காகிதத்திலும் தன் பெயரை விரலால் தேடிக் கண்டுபிடிப்பதோடு சரி, அதற்கு மேல் படிக்க மாட்டான்.

"எல்லாத்தையும் எழுதிட்டியா?" என்றார் அப்பா.

"எழுதிட்டேன்."

அவர் தலையைச் சாய்த்தார். பேனாவின் கீறல் எங்கே குறைந்தது என்று கேட்பவர் போல வெகுநேரம் அப்படியே இருந்தார். பிறகு சிரித்தார். "சரி. நீ எழுதினபடியே இருக்கட்டும்."

ஜனவரியில் செத்துப்போனார். தரை இரும்பாய் உறைந்திருந்தது. கடப்பாரை போட்டால் பொறிதான் பறந்தது. பனி இளகும்வரை சவப்பெட்டி காத்திருக்க வேண்டும். சோளக் கிடங்கில் வைக்கலாம் என்றான் இத்தமார். ஜெருஷா காகிதத்தை எடுத்து வந்து விரித்தாள்.

"மேற்கு அறை அவரோடதுன்னு இருக்கு."

"இருந்தாரு. இப்ப இல்ல."

"எங்க எழுதியிருக்கு அப்படி? காட்டு."

அவன் அந்தக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு பனிச்சறுக்கு வண்டியில் நீதிபதி லூமிஸிடம் ஓடினான். அவர் இரண்டு தடவை படித்துவிட்டுக் காதைச் சொறிந்தாராம். ஏப்ரலில் நீதிமன்றம் கூடும், அதுவரைக்கும் எழுதியபடி நடப்பதுதான் உனக்கு நல்லது, ஒரு தட்டுச் சோறு வைத்தால் என்ன குறைந்துபோகும் என்றாராம். திரும்பி வந்த இத்தமார் காகிதத்தை அவள் மடியில் எறிந்தான்.

"பொணத்துக்குப் பந்தி வைக்கச் சொல்றியேடி. நீ மனுஷிதானா?"

"தவளை பொண்டாட்டிண்ணே" என்றாள் ஜெருஷா. "மறந்துட்டியா?"

அப்படியாகப் பெட்டி மேற்கு அறையில், நெருப்பில்லாத கணப்புக்கு எதிரே, இரண்டு முக்காலிகளின் மேல் ஏறியது. தினமும் காலையில் இத்தமார் கதவோரம் எட்டு விறகுக் கட்டைகளை அடுக்கினான். தினமும் நடுப்பகலில் டார்க்கஸ் வலப்பக்க நாற்காலிக்கு முன்னால் ஒரு தட்டு வைத்தாள்: சோள ரொட்டி, உப்புப் பன்றிக்கறி, அவரை. சாயங்காலம் அதை நாய்க்குப் போட்டாள். ஜெருஷா எண்ணிக்கொண்டே இருந்தாள். எட்டில் ஒன்று குறையட்டும். ஒரு நாள் மறக்கட்டும். ஜன்னல் வழியாகத் தெரிந்த வெள்ளைப் பரப்பில் எந்த இடத்தில் தன் வாய்க்கால்கள் ஓடுகின்றன என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

பத்தாம் நாள் நடுப்பகலில் கட்டைகள் ஐந்துதான் இருந்தன.

"அண்ணே, அஞ்சுதான் இருக்கு."

"எட்டு வெச்சேன். உன் கண்ணு முன்னாலதானே வெச்சேன்."

வைத்தான்தான். அவளே எண்ணினாள். டார்க்கஸ் திருடியிருப்பாள் என்று அடுப்பங்கரையில் பார்த்தாள். அங்கே பிர்ச் கட்டைகள்தான், மேற்கு அறைக்கு வைத்தது மேப்பிள். மறுநாள் நான்கு. அதற்கு மறுநாள் ஒன்றுமில்லை. கதவோரம் மரப்பட்டைத் துகள் மட்டும் சிதறிக் கிடந்தது, யாரோ அணைத்துத் தூக்கிக்கொண்டு போனதைப் போல. அவள் கதவில் உள்ளங்கையை வைத்தாள். வீட்டில் எல்லாக் கதவும் பனியில் சில்லிட்டிருக்க, அது வெதுவெதுப்பாக இருந்தது. அடியிலிருந்து வாடை வந்தது. வாத்துக் கொழுப்பு, ஈரக் கம்பளி, புகையிலை, இவற்றுக்கெல்லாம் கீழே இனிப்பாக, மெல்ல இளகிக்கொண்டிருக்கும் ஏதோ ஒன்று.

"எவடி உள்ள நெருப்பு மூட்டினது?" என்று இத்தமார் கத்தினான். "நாத்தமெடுக்க வெச்சு என்னை ஓடவைக்கப் பாக்குறியா?"

அவன் கதவைத் திறந்தான். கணப்பில் சாம்பல் ஒழுங்காகக் கூட்டி ஓரமாக ஒதுக்கியிருந்தது. வீட்டில் அப்படி ஒதுக்குகிறவர் ஒருவர்தான். பெட்டி மூடியிருந்தது. மூடியில் பூத்திருக்க வேண்டிய உறைபனி இல்லை. இத்தமார் அவளைப் பார்த்தான், அவள் அவனைப் பார்த்தாள். இரண்டு பேருமே மற்றவர்தான் செய்தது என்று நம்ப ஆசைப்பட்டார்கள்.

பிறகு சத்தம் வந்தது. நடுப்பகலில், பனியின் வெளிச்சம் ஜன்னலில் கண்ணைக் கூசவைக்கும் நேரத்தில், டார்க்கஸ் தட்டை வைத்த உடனே மேற்கு அறைத் தாழ்ப்பாள் தூக்கிக்கொண்டது. ஒரு கால் ஊன்றும் ஒலி, இன்னொரு குதிகால் பலகையில் இழுபடும் ஒலி. ஒருவரும் வரவில்லை. ஒலிதான் வந்தது. நாற்காலியின் பிரம்பு முனகியது. மூவரும் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோகாமல் உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்சம் கழித்து நாற்காலி லேசாகியது. குதிகால் இழுபட்டுக்கொண்டு பின்கதவுக்குப் போனது. ஜன்னல் வழியே ஜெருஷா பார்த்துக்கொண்டே இருந்தாள். புதுப்பனியில் கிணற்றை நோக்கி ஒரு தடமும் ஒரு கோடும், ஒரு தடமும் ஒரு கோடும், ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன.

தட்டில் ரொட்டி அப்படியே இருந்தது. உறைந்த கொழுப்பில் கட்டைவிரல் அழுத்திய பள்ளம்.

அன்றிலிருந்து டார்க்கஸ் மேஜையில் உட்காரவில்லை. நின்றபடியே தின்றாள். நாய் அந்தத் தட்டை மோந்துவிட்டுக் கொட்டகைக்கு ஓடிப்போனது, திரும்பவில்லை.

ஜெருஷாவுக்குப் பயத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. செத்த பிறகும் வந்து உட்கார்ந்து தின்னத் தெரிகிறது. அவள் உழைப்பைத் தின்றது போதாதா? ஒரு நடுப்பகல் அந்த நாற்காலியைப் பார்த்தே சொன்னாள்: "புல்வெளி என்னோடது. நீங்க சொன்னீங்க." தட்டு மட்டும் அவள் பக்கமாக நகர்ந்தது. ஒரு விரற்கடை. இனி நீ நிரப்பு என்பது போல.

அன்று மாலை அவள் இத்தமாரிடம் கொட்டகைக்கே போனாள்.

"அண்ணே, நாளைக்குத் தட்டு வைக்க வேண்டாம். விறகும் வேண்டாம். நெலம் வேணும்னு நான் கேக்க மாட்டேன். பைபிள் மேல சத்தியம்."

அவன் எருதின் முதுகைத் தேய்ப்பதை நிறுத்தினான். கண் குழி விழுந்திருந்தது. "நல்லா இருக்குடி உன் தந்திரம். நான் ஒரு நாள் தவறணும், மறுநாள் காகிதத்தோட லூமிஸ் வீட்டு வாசல்ல நிப்ப."

"காகிதத்தைக் கிழிச்சிடறேன். இந்தா."

"கிழி. நான் போனப்பவே லூமிஸ் ஒரு பிரதி எழுதி வெச்சுக்கிட்டாரு. உனக்கும் தெரியும்." பிறகு குரல் இறங்கியது. "அப்பா சொன்னப்ப நான் கேட்டேன் ஜெரு. உசுரோட இருக்கிற வரைக்கும்னு தெளிவாச் சொன்னாரு. நீதான் அவரை விடாமப் பிடிச்சு வெச்சிருக்க."

அவள் காகிதத்தைக் கிழிக்காமலே மடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

பிப்ரவரி கடைசியில் டார்க்கஸ் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாள் காலையில் எட்டுக் கட்டை அடுக்கும் சத்தம் கேட்கவில்லை. ஜெருஷா எழுந்து வந்தபோது வாசலில் பனிச்சறுக்கு வண்டி நின்றது. படுக்கை, வாணலி, நூல் ராட்டை, எல்லாம் கயிற்றால் கட்டியிருந்தது. எருதுகளின் மூச்சு புகைந்தது. இத்தமார் கடைசி மூட்டையை ஏற்றிக்கொண்டே இருந்தான், வெகுநேரம், ஏதோ ஒரு நேரத்துக்காகக் காத்திருப்பவனைப் போல.

நடுப்பகலில் உள்ளே வந்தான். சமையல்கட்டுக் கதவருகே, தொப்பி தலையில் இருக்க, நின்றான். அவள் அவனுக்கும் நாற்காலிக்கும் நடுவில் நின்றாள். நாற்காலிக்கு முதுகைக் காட்டி. மேஜையில் தட்டு இல்லை.

"இன்னைக்கு வைக்கல" என்றான். "விறகும் வைக்கல. நெலம் உன்னோடது, வீடும் உன்னோடது." உதடு கோணியது. "அவரும் உன்னோடவர்."

அவள் புல்வெளியை நினைக்கப் பார்த்தாள். முடியவில்லை. யார் கைக்குப் போனாலும் இதையெல்லாம் அவங்க செஞ்சாகணும். அதை அவள் எழுதியிருந்தாள். ஒரு எழுத்தும் விடாமல்.

"அண்ணே, போகாதே."

தாழ்ப்பாள்.

ஊன்றும் கால். இழுபடும் குதிகால்.

வாடை முன்னே வந்தது. வெதுவெதுப்பாக. அவள் பிடரியைத் தொட்டது.

நாற்காலி முனகவில்லை. இன்று அது உட்காரவில்லை. அவளுக்குப் பின்னால் நின்றது.

திரும்பக்கூடாது. அவள் அண்ணனின் முகத்தையே பார்த்தாள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அந்த வாய் அப்படியே நின்றது. கண்கள் அவளை விட்டு மேலே போயின, அவள் தோளுக்கு மேலே, ஓர் ஆள் உயரத்துக்கு. அங்கே ஒன்றின் மீது நிலைத்தன.

இத்தமாரின் கை தானாக மேலே போனது.

தொப்பியைக் கழற்றினான்.

அவளைப் பார்க்கவில்லை. தொப்பியை மார்போடு அழுத்திக்கொண்டு, முகத்தைத் திருப்பாமல், ஒவ்வொரு அடியாகப் பின்னோக்கி நகர்ந்து வாசலைத் தாண்டினான். அவள் தோளில் ஈரமான ஒரு கை மெல்ல அமர, அவன் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டான்.