முகம் காணாதவருக்கு ஒரு பக்கம்

அன்றைக்கு மட்டும் காற்று அடிக்காமல் இருந்திருந்தால், ஆரணி தன் பாட்டில் வேலைக்குப் போயிருப்பாள்...

ஜெர்மனியின் ஹம் ரயில் நிலையம், காலை ஏழு இருபத்தொன்று. சரியான மழை. டோட்முண்டிலிருந்து வந்து இறங்கியவள் குடையை விரிக்கப் போக, கக்கத்திலிருந்த கோப்பு வாயைப் பிளந்தது. ஒரு தாள் எழும்பிப் பறந்து, எதிரே நின்ற ஒருவனுடைய நெஞ்சில் போய் ஒட்டிக்கொண்டது. ஈரத் தாள்... முத்திரை ஒட்டினது மாதிரி!

அவன் அதைக் கிழியாமல் உரித்தெடுத்தான். தருவான் என்று பார்த்தால், நின்று வாசிக்கத் தொடங்கிவிட்டான்.

"கடவுளே, மற்றவையின்ர பேப்பரை வாசிக்கிறதுக்கு ஒரு வெக்கமும் இல்லை..." என்று தமிழில் முணுமுணுத்தாள். யாருக்கு விளங்கப் போகிறது?

"நெஞ்சில வந்து ஒட்டினதை வாசிக்காமல் என்ன செய்யிறது?"

திடுக்கிட்டு நிமிர்ந்தாள். நித்திரை முழித்துச் சிவந்த கண்கள். ஆனாலும் சிரித்துக்கொண்டிருந்த கண்கள்... இமையில் ஒரு மழைத்துளி, விழவா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

"தாங்கோ இங்க. நனையுது."

"பொறுங்கோ. நாப்பத்திமூண்டு பேருக்கு நன்றி போட்டிருக்கு. கோப்பி மெஷின் திருத்திறவருக்கும் நன்றி. நல்லாயிருக்கு. புத்தகத்தைக் கடைக்குக் கொண்டுபோறவனுக்கு?"

ஆரணிக்குச் சுள்ளென்று ஏறியது. அவள் வேலை செய்வது புத்தகக் கடைகளுக்கு மொத்தமாகப் புத்தகம் அனுப்பும் நிறுவனத்தில். கடைகளுக்கு மாதாமாதம் அவர்கள் அனுப்பும் செய்திமடலுக்கு இப்போது இருபத்தைந்து வயது. விழாச் சிறப்பிதழில் நன்றிப் பக்கம் முழுக்க அவள் பொறுப்பு. மூன்று கிழமை குந்தியிருந்து செய்த பக்கம்!

"டிரைவர்மார் எங்கட ஆக்கள் இல்லை. அது வேற கொம்பனி."

"ஓமோம். நானும் அந்த வேற கொம்பனிதான்."

அவள் தாளைப் பிடுங்கக் கை நீட்டினாள். அதற்குள் அவனுடைய ரயில் வந்தது. தாளை அவள் கையில் வைத்துவிட்டு ஏறினான். கதவு மூடும்போது, "என்ர பேர் சேயோன். போடச் சொல்லிச் சொல்லேல்லை, சும்மா பகிடிக்குத்தான்!" என்றான்.

அடுத்த நாளும் நின்றான். அதற்கடுத்த நாளும்...

அவள் வந்து இறங்கவும் அவன் ரயில் புறப்படவும் இடையில் சரியாகப் பத்து நிமிடம். சூடான ரொட்டி மணக்கும் பாண்கடை வாசலில் இரண்டு கோப்பி. அந்தப் பத்து நிமிடத்தில்தான் எல்லாம் தெரிய வந்தது. இரவு ஒன்பதுக்கு வானை நிரப்பிக்கொண்டு வெளிக்கிடுவான். பத்தொன்பது கடை. கடைகளின் திறப்புகள் ஒரு சாவிக்கொத்தாக அவனிடம்தான். பெட்டிகளை உள்ளே வைத்துவிட்டுப் பூட்டிக்கொண்டு போவான். காலையில் கடைக்காரர் வரும்போது புத்தகம் இருக்கும், ஆள் இருக்காது.

"எட்டு வருசமா அவையின்ர கடைக்குப் போறன். ஒருத்தரும் என்னைக் கண்டதில்லை."

"கள்ளன் மாதிரி!"

"கள்ளன் எடுத்துக்கொண்டு போவான். நான் வைச்சிட்டெல்லே போறன்."

அவள் சிரித்ததில் கோப்பி மூக்கால் வந்தது. முப்பத்திமூன்று வயதில் இப்படிச் சிரித்ததாக அவளுக்கு ஞாபகமே இல்லை.

இரண்டு கிழமை இப்படியே ஓடியது. சிரிப்புத் தந்த துணிவில் ஒருநாள், அவனிடம் ஒரு சொல் சொல்லாமல், வான் கொம்பனிக்குத் தொலைபேசி எடுத்து, நன்றிப் பக்கத்தில் போட டிரைவர்களின் பெயர்களைக் கேட்டாள். சந்தோசமாக இருக்கட்டுமே என்றுதான் கேட்டாள்...

மறுநாள் காலை அவன் கையில் கோப்பி இல்லை.

"பேர் போடச் சொல்லி நான் உங்களிட்டக் கேட்டனானோ?"

"இல்லை... நானாத்தான்..."

"எங்கட கொம்பனியில வந்து பாருங்கோ. றெக்ஸ் எண்டு ஒருத்தன் என்னோட வான் ஓடுறவன். 'சேயோன் பேப்பரில பேர் வரவேணுமெண்டு ஒரு பெட்டையைப் பிடிச்சிருக்கிறான்' எண்டு எல்லாருக்கும் சொல்லிச் சிரிக்கிறான். கேட்டு வாங்கின நன்றி எனக்கு வேண்டாம். வெட்டுங்கோ!"

"நல்லது செய்யப்போனா இப்பிடியே? வெட்டுறன். வடிவா வெட்டுறன்!"

அவளும் விட்டுக்கொடுக்கவில்லை. குடையை விரித்துக்கொண்டு விறுவிறென்று படியேறினாள். ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம்...

அடுத்த நாள் அவன் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. பாண்கடைக்காரி வழக்கம்போல இரண்டு கோப்பியை நீட்ட, ஆரணி ஒன்றைத் திருப்பிக் கொடுத்தாள். கோபமென்றால் கோபம். அதற்காக ஒரு ஆள் இப்படிக் காணாமல் போகலாமா? இந்தப் பத்து நிமிடம் இனி இல்லையென்றால்... அந்த நினைப்பே அவளுக்குப் பொறுக்க ஏலாமல் இருந்தது.

அவன் சொன்னதை அன்று முழுக்க யோசித்தாள். கேட்டு வாங்கின நன்றி வேண்டாமாம். சரி. கேளாமல் வருகிற நன்றி?

புத்தகக் கடைகள் நூற்றிநாற்பதுக்கும் ஒரே ஒரு கேள்வி எழுதினாள்: "இரவில் உங்களுக்குப் புத்தகம் கொண்டுவருபவரைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?"

யாரும் பதில் போடமாட்டார்கள் என்றுதான் நினைத்தாள். இரண்டு நாளில் எழுபத்திரண்டு பதில்! அவற்றை அச்செடுத்துக்கொண்டு மேலாளர் லிண்ட்னர் அம்மாவின் மேசைக்குப் போனாள்.

"இதழில் இடமில்லை, ஆரணி. அவர்கள் எங்கள் ஊழியர்களும் இல்லை."

"ஒரு பக்கம் மட்டும் வாசியுங்கோ."

லிண்ட்னர் அம்மா வாசித்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். துடைத்தாள். திரும்ப வாசித்தாள்.

"என் முன்னுரையை எடுத்துவிடு. அந்த இடத்தில் இதைப் போடு," என்றாள்.

சனிக்கிழமை பின்னேரம் களஞ்சிய மண்டபத்தில் விழா. கேக், சோடா, பேச்சு. டிரைவர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். வாசலைப் பார்த்துப் பார்த்து ஆரணிக்குக் கழுத்து நோவெடுத்தது. றெக்ஸ் வந்தான். மற்றவர்கள் வந்தார்கள். கடைசியாக, நீல நிறச் சேட்டுடன், தலை வாரி இழுத்து... சேயோன்!

அவன் அவள் பக்கம் பார்க்கவில்லை. ஒரு மூலையில் நின்று இதழைப் பிரித்தான். நன்றிப் பக்கத்தில் அவன் பெயர் இல்லை. மற்ற டிரைவர்களின் பெயர்களும் இல்லை. "ம்" என்று தலையாட்டினான். பிறகு முதல் பக்கத்துக்கு வந்தான்...

"எட்டு வருடமாக எங்கள் கடைத் திறப்பு அவரிடம் இருக்கிறது. முகத்தை ஒருநாளும் கண்டதில்லை. என் மாப்பிள்ளையிடம்கூட நான் திறப்புக் கொடுத்ததில்லை."

"மழை நாளொன்றில் பெட்டிக்கு மேலே ஒரு ஜாக்கெட் கிடந்தது. புத்தகம் நனையவில்லை. அவர் நனைந்திருப்பார்."

"என் முதுகு நோ அவருக்கு எப்படித் தெரியும்? பெட்டியைக் கீழே வைக்காமல் மேசையில்தான் வைப்பார்."

"எங்கள் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். கொஞ்சம் குறைத்து ஊற்றச் சொல்லுங்கள், செடி அழுகுகிறது."

றெக்ஸ் எட்டிப் பார்த்தான். "டேய், உது நீயெல்லே! பூச்செடி நீதானே!" அவன் குரலில் பகிடி இல்லை. "கீழ பார், இது என்ர கடை... அந்த மனிசி எனக்கு எழுதியிருக்குதடா..." அவனுடைய கண்ணும் கலங்கிவிட்டது.

சேயோன் இதழை மடித்துக்கொண்டு நேரே அவளிடம் வந்தான். சிவந்த கண்கள். இந்த முறை நித்திரை முழித்ததால் இல்லை...

"இதை ஆர் கேட்டது?"

"நான் கேள்விதான் கேட்டன். நன்றியை ஒருத்தரிட்டையும் கேக்கேல்லை. அவையா எழுதினது."

"செடிக்குத் தண்ணி கூடிப்போச்சாம்..." அவன் சிரிக்கப் பார்த்தான். சரிவரவில்லை. "ஆரணி, நான் உங்களோட அப்பிடிக் கத்தியிருக்கக் கூடாது."

"நானும் கேட்டிட்டுச் செய்திருக்கலாம்." அவள் தலையைக் குனிந்தாள். "அதுக்காக ரயிலை மாத்திறதே? பத்து நாளா அந்தப் பிளாட்போர்மில தனிய நிக்கிறன். கோப்பி குடிக்கக்கூட மனம் வரேல்லை."

"ஆர் மாத்தினது? அதே ரயில்தான். அங்கால், கடைசிப் பெட்டிக்குக் கிட்ட நிண்டனான். நீங்கள் படியேறிப் போகுமட்டும் பார்த்துக்கொண்டு நிண்டனான்... பத்து நாளும்."

அவள் நிமிர்ந்தாள். வெளியே மழை தொடங்கியிருந்தது. தகரக் கூரையில் படபடவென்று சத்தம். அதைவிடக் கூடப் படபடத்தது வேறொன்று...

"அங்க நிண்டு பார்த்தியளே? கிட்ட வந்து ஒரு சொல் சொல்லத் தெரியாதே?"

"இப்ப சொல்லட்டே?"

"சொல்லுங்கோ."

"பத்து நிமிசம் எனக்குப் போதாது, ஆரணி. காலமை மட்டும் உம்மைக் கண்டிட்டுப் போக இனி என்னால ஏலாது. வாழ்க்கை முழுக்க வேணும்."

மண்டபத்தில் யாரோ கேக் வெட்டக் கூப்பிட்டார்கள். அவளுக்குக் காது கேட்கவில்லை. கன்னம் சிவக்க, உதட்டைக் கடித்துக்கொண்டு, மெல்லச் சொன்னாள்...

"ஓம்... எனக்கும்தான்."